ஒரு வரியில் அடங்கும் குழந்தைகள்

குழந்தை மருத்துவ முதுநிலைத் தேர்வுக்குப் படிப்பவரின் குறிப்பேட்டை வெளியார் ஒருவர் திறந்து பார்த்தால், அது மளிகைக் கடையின் பற்றுவரவு போலத் தோன்றும். 17 இலட்சம். 11.5. 245. 60–50–40. 100–50–20. 30 மைக்ரோ. எழுவாய் இல்லை, வினைச்சொல் இல்லை, பல இடங்களில் அலகுகூட இல்லை. எழுதியவருக்கு மட்டும் பொருள் தெரியும். முதலாவது, இந்தியக் குழந்தை ஐந்து வயதுக்குள் பெறவேண்டிய வைட்டமின் ஏ-யின் மொத்த அளவு. இரண்டாவது, கடும் ஊட்டக்குறைவைக் காட்டும் மேற்கைச் சுற்றளவு, சென்டிமீட்டரில். மூன்றாவது, ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச்சர்க்கரைக் கரைசலின் ஆஸ்மோலாரிட்டி. நான்காவது, நிமோனியா என்று ஐயுறவேண்டிய மூச்சு எண்ணிக்கை, வயதுவாரியாக. ஐந்தாவது, வாயால் உண்ண இயலாத குழந்தைக்கு ஒரு நாளில் ஏற்றவேண்டிய நீரின் கணக்கு. ஆறாவது, தேள் கொட்டிய குழந்தைக்கான மருந்தின் அளவு.

இத்தகைய குறிப்பேடுகள் மூன்று, புணேயில் தேசியத் தேர்வு வாரியத்தின் இறுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் இருக்கின்றன. மூன்றாண்டுப் பயிற்சியை முடித்தவர். முதல் முறை எழுத்துத் தேர்வில் தேறாதவர். இரவில் பணி, காலையில் நான்கு மணி நேரத் தூக்கம், எஞ்சிய பொழுதில் படிப்பு. இம்முறையும் தவறினால், அவருக்கென நிறுத்தி வைத்திருக்கும் பணியிடம் வேறொருவருக்குப் போகும்; படிப்புக்காக ஊரில் அடகு வைத்த நிலம் மீள்வது மேலும் தள்ளிப்போகும். ஆகவே அவரிடம் வீணாக்கப் பொழுதில்லை. ஆயினும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேனாவால் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் ஓர் ஊரின் பெயரையோ, ஆண்டையோ, பாத்திரம் ஒன்றின் பெயரையோ எழுதி வைக்கிறார். வினாத்தாளில் ஊரின் பெயரைக் கேட்பதில்லையே என்று உடன் படிக்கும் தோழி கடிந்துகொள்கிறார். தோழி சொல்வது உண்மைதான்.

பேனா வரிகளுள் சில, கேட்பதற்கென்றே பிறந்தவை. அந்தப் 17 இலட்சம் அப்படிப்பட்டது. ஒன்பதாம் மாதத்தில் ஓர் இலட்சம் அலகு, பின்னர் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம். ஆக ஒன்பது தவணை, 17 இலட்சம். கூட்டல் சரிதான். ஆனால் எந்த மருத்துவரும் எந்தக் குழந்தைக்கும் 17 இலட்சத்தை ஒருசேரக் கொடுக்கப் போவதில்லை. அந்தக் கூட்டுத்தொகையால் நோயாளிக்குப் பயனில்லை. வினா அமைப்பவருக்கே பயன். பொழுது சாய்ந்தால் குழந்தை வாசற்படியில் இடறுகிறதா என்று தாயிடம் கேட்பதும், கண்ணின் வெண்பகுதியில் நுரைபோல் படிந்த பிட்டாட் புள்ளியைத் தேடுவதும் அதைவிடப் பயனுள்ளவை. அவற்றை நான்கு விடைகளுள் ஒன்றாகச் சுருக்குவது கடினம். ஆதலால் அவை அரிதாகவே கேட்கப்படுகின்றன.

ஓ.ஆர்.எஸ். வரி வேறு வகை. 245 என்ற எண்ணுக்குக் கீழே அவர் பென்சிலால் எழுதியிருப்பது 'பன்காவ், 1971'. வங்காளதேச விடுதலைப் போரில் எல்லை கடந்து வந்த மக்கள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாம்களில் குவிந்தபோது காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து சென்ற குழந்தை மருத்துவர் திலீப் மகலனபிஸ் அங்கே கண்டது, சிரைவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு மருத்துவமனையை. சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். அதுவரை முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆய்வகத்துக்கு வெளியே, அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களும் தாய்மாரும் இந்தச் சிகிச்சையை நடத்த முடியும் என்பதை அந்த முகாம் மெய்ப்பித்தது. அதற்கும் முன்பே, 1953இல், ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழி நீர் கொடுத்ததை லான்செட் இதழில் எழுதியிருந்தார், கேட்பாரில்லை. மகலனபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

பேனா வரியில் இவற்றுள் எதுவும் இல்லை. ஆனால் பென்சில் வரி அவருக்கு ஒரு வகையில் உதவுகிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியம் எவ்வளவு என்ற வினாவுக்கு 90, 75 ஆகிய இரண்டும் விடைகளாக அருகருகே நிற்கும். இரண்டுமே ஒரு காலத்தில் சரி. காலராவையே முதன்மையாகக் கருதி அமைத்த பழைய கரைசலில் சோடியம் 90, ஆஸ்மோலாரிட்டி 311. மற்ற வயிற்றுப்போக்குகளில் அவ்வளவு உப்பு தேவையில்லை, செறிவைக் குறைத்தால் வாந்தியும் மலத்தின் அளவும் குறைகின்றன என்று தெரிந்த பின், 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 75 ஆனது. குளுக்கோசும் 75, மொத்தம் 245. எந்த நோய்க்காக எந்த எண் பிறந்தது என்று அறிந்தவர் இதில் தடுமாறுவதில்லை.

60–50–40 என்ற வரிக்குக் கீழே இரண்டு ஊர்கள்: வேலூர், கட்சிரோலி. எக்ஸ்-ரே எடுக்க வசதியில்லாத ஊரில், இருமலோடு வந்த குழந்தைக்கு நிமோனியாவா வெறும் சளியா என்று எப்படிச் சொல்வது? பாப்புவா நியூ கினியில் பிராங்க் ஷானும், அவருக்குப்பின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோரும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். 1988இல் வெளியான வேலூர் ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேலும், அதற்கு மேற்பட்ட சிறு குழந்தை 40 முறைக்கு மேலும் மூச்சுவிட்டால் அது நம்பத்தக்க அறிகுறி என்று காட்டியது. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் நுட்பமெல்லாம் இதற்கு வேண்டியதில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, அழாத வேளை பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது கூடாது. குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை.

மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் இதை இன்னும் கீழே இறக்கினர். எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணற்கடிகையும் நகர்த்தும் மணிகளும் சேர்ந்த ஒரு கருவியை அவர்கள் செய்தனர். பிறகு ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டுக்கே சென்று பார்க்கச் செய்தனர். 39 ஊர்களில் நடந்த அந்த முயற்சியின் முடிவு 1999இல் வந்தது: ஒப்புநோக்கிய ஊர்களைவிடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. இன்று ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பிறந்த குழந்தையை எடை பார்ப்பதற்கு அதுவே முன்னோடி.

ஒரு வரியாகச் சுருக்குவதெல்லாம் பிழை என்று எண்ணுவோர் இங்கே நின்று யோசிக்கவேண்டும். 60–50–40 என்பது எந்தப் பெரிய நூலிலிருந்தும் தேர்வுக்காக வெட்டியெடுத்த துண்டன்று. அது ஒரு வரியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே பலர் பல ஆண்டுகள் உழைத்தனர். எழுத்தறியாத ஒருத்தியின் மனத்தில் நிற்கவேண்டும், நள்ளிரவில் விளக்கில்லாத வீட்டில் நினைவுக்கு வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். மேற்கையில் சுற்றும் நாடாவின் 11.5-உம் அப்படியே. சுருக்கமே அவற்றின் வலிமை. அவற்றை மனப்பாடம் செய்வதில் எந்த இழுக்கும் இல்லை.

தேள்கடி வரியும் இந்த இனத்தைச் சேர்ந்தது. கொங்கணக் கரையின் செந்தேள் கொட்டிய குழந்தை வலியால் மட்டும் துடிப்பதில்லை. உடல் வியர்த்துக் குளிர்கிறது, இதயம் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. ராய்கட் மாவட்டத்து மகாட் பகுதியில் பணிபுரிந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கண்முன்னே இறந்துகொண்டிருந்தவர்களின் அருகில் இரவெல்லாம் அமர்ந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து வைத்தார். இரத்தக் கொதிப்புக்குத் தரும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இந்நஞ்சின் வேகத்தை முறிக்கும் என்று 1980களில் அவர் லான்செட்டில் எழுதினார். ஆய்வகம் இல்லை, உதவியாளர் குழு இல்லை. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற அந்த ஒரு வரி இன்று நாடெங்கும் எழுதப்படுகிறது. புணேயில் படிப்பவருக்கு மகாட் ஒரு மலைத்தொடருக்கு அப்பால் உள்ள ஊர். அவருடைய இரவுப் பணியில் எப்போது வேண்டுமானாலும் அந்த வரி தேவைப்படலாம்.

மறுபுறம், காலாவதியான வரிகளும் குறிப்பேட்டில் உண்டு. அவை காலாவதியானவை என்று எழுதியிருப்பதில்லை என்பதே தொல்லை. 100–50–20 என்ற நீர்க்கணக்கு ஹாலிடே, சீகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1957இல் வெளியிட்ட சிறு கட்டுரையிலிருந்து வந்தது. முதல் பத்து கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. அழகான கணக்கு, இன்றும் நிற்கிறது. ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றொரு பழக்கம் நிற்கவில்லை. உப்புக் குறைந்த நீரை ஏற்றும் பழக்கம் அது. நோயுற்ற குழந்தையின் உடல் நீரைச் சிறுநீராக விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்நிலையில் உப்புக் குறைந்த நீரை ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். சாதாரண அறுவைச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள்கூட உலகின் பல மருத்துவமனைகளில் இவ்வாறு இறந்தனர். இரத்தத்துக்கு இணையான உப்புள்ள நீரையே ஏற்றவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் திட்டவட்டமாகச் சொன்னது. அளவைச் சொல்லும் வரி மாறவில்லை. புட்டியில் இருப்பது மாறியது. பழைய குறிப்பேட்டை நகலெடுத்துப் படிப்பவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

அதிர்ச்சி நிலையில் வந்த குழந்தைக்கு விரைந்து நீர் ஏற்றுவதும் இதே போன்றது. யாரும் ஐயுறாத நடைமுறையாகவே அது இருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடுங்காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஃபீஸ்ட் ஆய்வு, விரைந்து ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இறந்ததையும், அவ்வாறு ஏற்றாத பிரிவில் 7.3 விழுக்காட்டினரே இறந்ததையும் காட்டியது. மருத்துவ உலகு திகைத்தது. அதற்காக எல்லாக் குழந்தைக்கும் நீரை நிறுத்திவிட முடியுமா? முடியாது. வயிற்றுப்போக்கால் வற்றிய குழந்தைகளும் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. செயற்கை மூச்சுக் கருவிகள் இல்லாத மருத்துவமனைகளில் அது நடந்தது. 'யாரிடம், எங்கே' என்று கேட்காதவர் இந்த ஆய்வைப் படித்தாலும் தவறாகவே பயன்படுத்துவார். இவ்விடத்தில் தோழியின் வாதம் சற்றுத் தளர்கிறது. ஊரின் பெயர் இங்கே அணிகலன் அன்று, விடையின் ஒரு பகுதி.

சில வேளைகளில் ஊர் மாறினாலும் எண் மாறுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் குழந்தையின் எடை என்ற வாய்பாடு, வீச் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. அயல்நாட்டுக் குழந்தையின் எடையை நம் குழந்தைக்குப் பொருத்துவதா என்று பலகாலம் முணுமுணுப்பு இருந்தது. 2006இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவானது. அவற்றுள் இந்தியாவுக்காக அளக்கப்பட்டவர்கள் தெற்கு தில்லியின் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள். ஓஸ்லோக் குழந்தையும் தில்லிக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்ந்தன. மூன்று வயதுக்கு வீச் வாய்பாடு தருவது 14 கிலோ. புதிய அளவுகோலின் நடுமதிப்பு ஆண் குழந்தைக்கு 14.3, பெண் குழந்தைக்கு 13.9. நம் குழந்தைகள் இயல்பிலேயே சிறியவர்கள் என்ற ஆறுதல் பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. வேறுபாடு தட்டில் இருக்கிறது.

குறிப்பேட்டில் நெஞ்சை அதிகம் உறுத்தும் பக்கம் ஒன்று உண்டு. 'இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ்: செம்பு, ஆர்சீன் சாயம், பெனிசிலமைன்.' அவ்வளவுதான் வரி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள்; வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, மஞ்சள் காமாலையில் சில மாதங்களில் இறந்துபோயினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்திய மருத்துவர்கள் அறிந்திருந்த நோய் இது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளைக் கொண்டுபோனது. நடுத்தர இந்துக் குடும்பங்களில் மிகுதியாகக் கண்டதால் குலத்தின் மீதும், குருதியின் மீதும், தாயின் பாலின் மீதும்கூட ஐயம் விழுந்தது. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதைப் பார்த்த தாயிடம் உன் பாலில்தான் குறை என்று சொல்லியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்த ஒரு வரி தாங்கமுடியாத கனமுடையதாகிறது.

1980களில் புணேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டானரும் இவ்வீடுகளின் அடுக்களைகளுக்குள் கண்ணைத் திருப்பினர். இக்குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பது முன்பே தெரிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது? பசும்பாலையோ எருமைப்பாலையோ பித்தளைப் பாத்திரத்திலும் செப்புப் பாத்திரத்திலும் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ குழந்தைக்குப் புகட்டிய வீடுகள் அவை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் செம்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். உள்ளே ஈயம் பூசியிருந்தால் தடுப்பு உண்டு. பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் அதுவும் இல்லை. தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு இந்தத் தீங்கில்லை. ஐயத்துக்குள்ளான தாய்ப்பால்தான் காவலாக இருந்திருக்கிறது. குலவழி வந்ததாக எண்ணிய ஒன்று, பாத்திரவழி வந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கும் விலைக்குப் பாலுக்கும் வசதியிருந்த வீடுகளைத் தேடி வந்தது.

எவர்சில்வர் பரவியதும், தாய்மாரிடம் பாத்திரத்தை மாற்றச் சொன்னதும் போதுமாயின. 1990களில் அந்நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்தியாவுக்கே உரியது என்று பெயரிலேயே எழுதி வைத்த நோய், ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலும் இருந்தது என்பது 1996இல் தெரிந்தது. 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள், அங்கும் செப்புப் பாத்திரத்துப் பால். இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்நோயுள்ள ஒரு குழந்தையையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆர்சீன் சாயம் என்ற விடை மட்டும் வினாத்தொகுப்புகளில் உயிரோடிருக்கிறது. ஈரல் திசுவின் நிறம் கேட்கப்படுகிறது, பால் காய்ச்சிய பாத்திரம் கேட்கப்படுவதில்லை. மருத்துவ வரலாற்றில் ஒரு நோயை அடுக்களையிலேயே முடித்துவைத்த நிகழ்ச்சிகள் மிகச் சில. அதில் ஒன்று அதே ஊரில் நடந்தது என்று அறியாமலே புணேயில் ஒருவர் தேர்வெழுதித் தேறிவிட முடியும். 'பித்தளை' என்று பென்சிலால் எழுதிய அந்த மருத்துவர் அதன் கீழே இரண்டு கோடுகள் இட்டிருக்கிறார்.

தோழியின் பக்கமும் நியாயம் உண்டு. மூன்று மணி நேரத் தாளில் பித்தளையைப் பற்றி எழுத இடமில்லை. இரண்டு தடித்த தொகுதிகளாக வரும் நெல்சன் பாடநூலை ஒருவர் வரலாற்றோடு படிக்க முற்பட்டால் தேர்வு நாள் கடந்துவிடும். தடுப்பூசி அட்டவணையையே எடுத்துக்கொண்டால், அரசின் அட்டவணை ஒன்று, இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அட்டவணை மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே நினைவில் வைத்து, வினா எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். இதற்கே ஒரு வாரம் போகிறது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் வசதியான வீட்டுக் குழந்தைக்கு ஒன்றுமாக இரு அட்டவணைகள் ஏன் என்று கேட்க அந்த வாரத்தில் நேரமில்லை. படிக்கும் காலத்தில் கேட்க நேரமில்லாத கேள்வி, தேறியபின் பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

ஆனால் முசாபர்பூர் பக்கத்தில் தோழியும் பேசாமல் இருந்துவிட்டார். பீகாரின் அந்த மாவட்டத்தில் 1995 முதலே மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்போடு கொண்டுவரப்பட்டனர். முந்தைய மாலை ஓடி விளையாடியவர்கள். சில மணி நேரத்தில் நினைவிழந்து இறந்தனர். மூளைக்காய்ச்சல் என்றே பலகாலம் கருதி, கிருமியைத் தேடினர். கிருமி அகப்படவில்லை. அது லிச்சிப் பழக் காலம். மாவட்டமே லிச்சித் தோப்பு. வேலூர் மூச்சு ஆய்வில் பங்கேற்ற அதே ஜேக்கப் ஜானும் உடனாய்வாளர்களும், இது மூளையில் தொடங்கும் தொற்றன்று, இரத்தச் சர்க்கரை சரிவதால் வரும் கேடு என்று வாதிட்டனர். 2014 பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளுள் 122 பேர் இறந்தனர். அவர்களைப் பற்றிய விரிவான ஆய்வு 2017இல் வெளிவந்தது. லிச்சியில் இயற்கையாகவே உள்ள ஹைப்போகிளைசின் ஏ என்ற பொருளும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றும், உடல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ஆக்கும் வழியை அடைத்துவிடுகின்றன என்பது அதன் முடிவு. பூச்சிமருந்தும் வெயிலும் காரணமாகலாம் என்ற மறுப்புகளும் எழுந்தன.

தேர்வுக்கு வேண்டியது 'ஹைப்போகிளைசின் ஏ'. பேனா வரி அதைத்தான் சொல்கிறது. அதே ஆய்வில் மற்றொரு கணக்கும் இருக்கிறது. மாலை உணவு உண்ட குழந்தைகளிடையே லிச்சி தின்றவர்க்கு நோய் வரும் வாய்ப்பு 3.6 மடங்கு, மாலை உணவு இல்லாமல் படுத்த குழந்தைகளிடையே 7.8 மடங்கு. பகலெல்லாம் தோப்பில் உதிர்ந்த பழங்களைத் தின்று, பசியடங்கி, இரவில் ஒன்றும் உண்ணாமல் உறங்கிப்போன பிள்ளைகள். வசதியான வீட்டுக் குழந்தையும் லிச்சி தின்கிறது. அதன் ஈரலில் விடியும்வரை தாங்கும் சேமிப்பு இருக்கிறது. பழத்திலுள்ள நச்சு எல்லாருக்கும் பொது. அதைச் சாவாக மாற்றியது சேமிப்பில்லாத உடல்.

ஆகவே பரிந்துரை எளிதாக இருந்தது: பருவ காலத்தில் லிச்சியைக் குறையுங்கள், குழந்தையை மாலையில் உண்ணவைத்தே உறங்கவையுங்கள், வலிப்போடு வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், குறைந்திருந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள். ஊர்களில் இதைச் சொன்ன ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கியது. 2019 ஜூனில் கடும் வெயிலின் நடுவே மீண்டும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பட்டை மிக மலிவானது. தொலைவிலிருந்து வரும் குழந்தைக்கு அது முதல் நிலையத்திலேயே கிடைத்ததா, மாவட்டத் தலைநகர் வந்துசேரும் வரை சர்க்கரையில்லாத மூளையோடு வண்டியில் கிடந்ததா என்பதில்தான் பிழைப்பும் சாவும் இருந்தன.

அந்தப் பக்கத்தில் பென்சில் வரி சற்று நீளமானது. ஊர்ப்பெயரும் ஆண்டும் மட்டும் போதவில்லை போலும். தாயிடம் கேட்கவேண்டிய கேள்வியாகவே அதை எழுதியிருக்கிறார்: 'நேற்று இராத்திரி பிள்ளை என்ன சாப்பிட்டான்?' அதைப் படித்த தோழி, தம் குறிப்பேட்டை இழுத்துவைத்து, ஹைப்போகிளைசினுக்குக் கீழே அதையே எழுதிக்கொண்டார், பேனாவால்.